பத்தும் நீலமாக எரிந்த விவரம்

நான், சிலேஷே கசோண்டே, வயது 27, காலஞ்சென்ற ப்வால்யா கசோண்டேயின் மகன், பெம்பா இனம், சொந்த ஊர் வடக்கே முங்வி, தற்சமயம் லுசாகாவில் சிலெஞ்சே பகுதியில் வாடகை வீட்டில் குடியிருந்து வருகிறேன். லுங்கா டேட்டா ஹவுஸ் என்ற நிறுவனத்தில் சர்வர் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். கிட்வேயில் இந்தக் காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் திருமதி இனோங்கே முபிட்டா அவர்கள் முன்பாக, என்னோடு வேலை பார்க்கும் ஜெரே மீதான புகாரில், இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. நானே பஸ் ஏறி வந்தேன். வராமல் இருக்கும்படிதான் எனக்குச் சொல்லப்பட்டது.

எங்கள் நிறுவனத்தின் சர்வர்கள் கிட்வே கட்டடத்தில் ஒரு ரேக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. மொத்தம் பத்து. நான் லுசாகாவில் உட்கார்ந்தபடி கமாண்ட் தட்டி அவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு சர்வருக்குள்ளும், சர்வர் அணைந்து கிடந்தாலும் விழித்திருக்கிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று தனியாக உண்டு. நான் பேசுவது அதனிடம். சூடு எவ்வளவு, விசிறி சுற்றுகிறதா என்று அதைக் கேட்கலாம். சர்வரை அணைக்கலாம், எழுப்பலாம். சர்வரின் தாய்ப்பலகைச் சில்லுக்குள் பதிந்திருக்கும் ஃபர்ம்வேரை, அதாவது மெஷின் கண் விழித்ததும் முதலில் ஓடுகிற நிரலை, அழித்துப் புதிதாக எழுதலாம். எல்லாம் ஒரு வரி, இரண்டு வரி கமாண்டில் முடியும்.

இந்த இடத்தில் இன்ஸ்பெக்டர், "தூரத்துல இருந்தே எல்லாம் பண்ணலாம்னா அங்கே ஜெரே எதுக்கு?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. எங்கள் நிர்வாகமும் வருடா வருடம் இதைத்தான் கேட்கிறது. கமாண்ட் தட்டி மின்கேபிளைச் சுவரிலிருந்து உருவ முடியாது. அதற்கு ஒரு மனிதக் கை வேண்டும். கிட்வேயில் அந்தக் கை டாலிட்சோ ஜெரேயுடையது. அவர் சிப்பாட்டா பக்கத்து ங்கோனி இனத்தவர், புச்சி குடியிருப்பில் மனைவியோடு இருக்கிறார். கேபிள், ஜெனரேட்டர், குளிர்சாதனம் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் கமாண்ட் தட்டுவதில்லை, நான் கேபிளைத் தொடுவதில்லை. இப்படித்தான் நாங்கள் வேலை செய்து வந்தோம்.

தூரத்தில் இருப்பவன் சொல்லும் மெஷின் எது என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்கென்றே ஒவ்வொரு சர்வரிலும் முன்னாலும் பின்னாலும் ஒரு நீல விளக்கு உண்டு. நான் இங்கிருந்து ஒரு வரி தட்டினால் அந்த ஒன்றில் மட்டும் நீல விளக்கு மினுக்கும். ஜெரே அதைப் பார்த்துக் கை வைப்பார். அந்த விளக்கு வேறு எதற்கும் இல்லை. அழகுக்கு இல்லை. இதைத் தடித்த எழுத்தில் எழுதும்படி கேட்டேன். வாக்குமூலத்தில் தடித்த எழுத்து கிடையாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்கள்.

சென்ற செவ்வாய்க்கிழமை முதலீட்டாளர்கள் சிலர் கிட்வே கட்டடத்தைப் பார்க்க வந்தார்கள். அதற்கு முந்தைய நாள் எங்கள் செயல்பாட்டு மேலாளர் திரு. பாரசா ரேக்கைப் பார்த்துவிட்டு, சர்வர்களின் மேல் ஒட்டியிருந்த எண் சீட்டுகள் அசிங்கமாக இருப்பதாகச் சொல்லி எல்லாவற்றையும் உரிக்கச் சொல்லியிருக்கிறார். அவை ஜெரே கையால் எழுதி ஒட்டியவை. பார்க்க அசிங்கம்தான், ஆனால் எண் சரியாக இருந்தது. புதுச் சீட்டுகள் அச்சடித்து வரும் என்றார்கள். இன்று வரை வரவில்லை. அதன் பிறகு திரு. பாரசா முன்பக்க விளக்கு ஒன்றைப் பார்த்து இது ஏன் எரியவில்லை என்று கேட்டு, எரிய வைக்கும் பொத்தான் அதன் பக்கத்திலேயே இருப்பதைத் தெரிந்துகொண்டு, பத்தையும் அழுத்தும்படி ஜெரேயிடம் சொல்லியிருக்கிறார். ஜெரே அழுத்தினார். பத்தும் நீலமாக மினுக்கின. முதலீட்டாளர்கள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோ நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் இருக்கிறது. என் போனில் இன்ஸ்பெக்டருக்குக் காட்டினேன். விளக்குகளை எண்ணிப் பார்க்கச் சொன்னேன், எண்ணினார்கள். நல்லாத்தான் இருக்கு என்றும் சொன்னார்கள்.

போட்டோ எடுத்தபின் அணைக்கும்படி யாரும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் விருந்தாளிகள் வருவதாக இருந்தது. இது எதுவும் அப்போது லுசாகாவில் எனக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆனால் விளக்கு எரிகிறதா என்று ஒவ்வொரு மெஷினையும் கேட்கவும் ஒரு வரி கமாண்ட் உண்டு. அதை நான் தட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான் வேலையைத் தொடங்கினேன். நான்காம் எண் சர்வரில் மின்சாரத்தைக் கவனிக்கும் சில்லுக்குப் புது நிரல் எழுதி முடித்திருந்தேன். அது நிலைக்க வேண்டுமானால் இரண்டு மின்கேபிளையும் உருவி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி சொருக வேண்டும். வேறு வழியில்லை. அதே சமயம் ஏழாம் எண் சர்வரில் முதன்மை ஃபர்ம்வேர் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. எழுதும்போது மின்சாரம் போனால் அந்தப் பலகை செத்தது. ஒரு மெஷின் முடிந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும் என்பது நல்ல பழக்கம். இந்த வாரத்துக்குள் பத்தையும் முடிக்க வேண்டும் என்பது திரு. பாரசாவின் உத்தரவு. எனக்கும் சும்மா உட்கார்ந்து திரையில் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை கிடையாது. இரண்டையும் ஒன்றாக ஓட்டினேன்.

அதன் பிறகு ஜெரேயின் போனுக்கு அழைத்தேன். அலுவலக எண்ணில் பேசுவது எல்லாமே பதிவாகும். அந்தப் பதிவின் முதல் பகுதியைத்தான் திரு. பாரசா புகாரோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். அதில் இருப்பது இவ்வளவு, முதல் குரல் ஜெரேயுடையது:

"சொல்லுடா அடிமை."

"எலி தின்னது போதும், எழுந்து ரேக்குகிட்ட போ."

"என்ன வேலை?"

"நாலாம் நம்பர். ரெண்டு பவர் கேபிளையும் உருவணும்."

"ஓ, சாவு விழுந்திருக்கா? சரி, இன்னைக்கு உங்க பெம்பாக்காரன் மெஷினைப் புதைச்சிட்டு, என் பங்குக் காசை வாங்கிட்டுத்தான் வெளியே வருவேன்."

இதைக் கேட்டுவிட்டுத்தான் திரு. பாரசா இது திட்டமிட்ட நாசவேலை என்று முடிவு செய்தார். அவர் கென்யாக்காரர், இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜெரேயின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிவதும், அதைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று அவரே ஜெரேயிடம் சொன்னதும் அவர் மனதில் இருந்திருக்கும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் காதுக்கு அது அப்படித்தான் விழுந்திருக்கும்.

நாங்கள் பெம்பா, ஜெரே ங்கோனி. இரண்டு இனத்துக்கும் இடையே தலைமுறையாகக் கேலிமுறை உண்டு. அவர் என்னை அடிமை என்பார், குரங்கு தின்னி என்பார். நான் அவரை எலி தின்னி என்பேன். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, கோபித்தால் அதுதான் மரியாதைக் குறைவு. சென்ற ஆண்டு முங்வியில் என் அப்பாவை அடக்கம் செய்தபோது ஜெரே கிட்வேயிலிருந்து வந்து, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வெட்டியிருந்த குழிக்குள் குதித்து நீட்டிப் படுத்துக்கொண்டு, "இந்தக் கிழவன் என் அடிமை. என்கிட்ட கேக்காம எங்கே கிளம்பிட்டாரு? காசைக் கீழே போடுங்க, அப்பத்தான் எழுந்திருப்பேன்" என்றார். அப்பா போன நாளிலிருந்து பேசாமல் இருந்த அம்மா, இடுப்புத் துணியின் முனையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சாவு வீட்டில் கேலிமுறைக்காரன் செய்ய வேண்டிய வேலை அது. அதைத்தான் போனிலும் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் லோசி இனம். இதைச் சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு நீ சொல்லித் தரணுமா தம்பி? எங்களுக்கும் டோங்கா ஆளுங்களுக்கும் இதே கூத்துதான். என் சம்பந்தியே டோங்கா. வாசல்ல நின்னு மாட்டுத் திருடின்னுதான் கூப்பிடுவான்" என்றார்கள். அப்படியென்றால் ஜெரேயை ஏன் உள்ளே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "புகார் காகிதத்துல இருக்கு. சிரிப்பு காகிதத்துல இல்லையே" என்றார்கள். காகிதத்தில் ஏற்றத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். மறுபடி பேனாவை எடுத்தார்கள்.

அதன் பிறகு நடந்தது பதிவின் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அதைத் திரு. பாரசா கொடுக்கவில்லை. நான் ஒரு வரி தட்டி நான்காம் எண் சர்வரின் நீல விளக்கை ஏற்றினேன். ஜெரே ரேக்கின் பின்பக்கம் போனது விசிறிச் சத்தத்தில் தெரிந்தது.

"நீல லைட்டு மினுக்குதா பாரு."

"மச்சான், எல்லாமே மினுக்குது."

"ஜெரே, எனக்கு நேரமில்ல."

"சத்தியமாடா. பத்தும் மினுக்குது. கல்யாண வீடு மாதிரி இருக்கு."

"உங்க ஆளுங்களுக்கு ஒன்னைப் பார்த்தாலே பத்தாத்தான் தெரியும்."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடி கேட்டார். "சரிடா, நம்பர் சீட்டும் உரிச்சாச்சு. நாலாவதுன்னா எங்கேயிருந்து? மேலேர்ந்தா, கீழேர்ந்தா? முன்னாடி போய் சீரியல் நம்பரைப் படிக்கட்டுமா?"

"உங்க ஊர்ல மாட்டை எப்படி எண்ணுவீங்களோ அப்படி எண்ணு. படிக்கிறதெல்லாம் வேணாம். சீக்கிரம் உருவு."

ரேக்கில் எண்ணிக்கை கீழிருந்து மேலே போகும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியும். ஜெரே எண் சீட்டைப் பார்த்துக் கை வைத்துப் பழகியவர், சீட்டு இருக்கும் வரை அவருக்கு எண்ண வேண்டிய அவசியமே வரவில்லை. எல்லாரையும் போல மேலிருந்து எண்ணினார். மேலிருந்து நான்காவது, கீழிருந்து ஏழாவது.

"உருவிட்டேன்" என்றார். அந்த நொடியில் என் திரையில் ஏழாம் எண் சர்வரின் சதவீதம் பாதி தாண்டிய இடத்தில் நின்றுவிட்டது. நான்காம் எண் சர்வர் நலமாக இருக்கிறேன் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

"எதை உருவினே?"

"நாலாவதை."

"எங்கேயிருந்து நாலாவது?"

"மேலேர்ந்து." அதன் பிறகு, "மச்சான், நான் கேட்டேனே. திருப்பிச் சொருகட்டுமா?" என்றார்.

சொருகச் சொன்னேன். ஏழாம் எண் சர்வரின் விசிறி சுற்றியது, விளக்குகள் எரிந்தன, அவ்வளவுதான். பலகை எழவில்லை. ஃபர்ம்வேருக்கு மாற்றுப் பிரதி வைத்திருக்கும் பலகைகள் சந்தையில் உண்டு. அதைத்தான் வாங்க வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். வாங்கவில்லை. எனக்குத் தெரிந்த எல்லா கமாண்டையும் தட்டிப் பார்த்தேன். திரு. பாரசா போனில் வந்து, "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தியா?" என்று கேட்டார். வாயில் வந்த பதிலைச் சொல்லியிருந்தால் இந்த வாக்குமூலம் வேறு வழக்கில் இருந்திருக்கும்.

ஏழாம் எண்ணில் இருந்தது சுரங்கத் தொழிலாளர் மருத்துவ உதவித் திட்டத்தின் உறுப்பினர் விவரம். சேமிப்புப் பிரதியை வேறு சர்வரில் ஏற்றி எழுப்புவதற்கு வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டது. அதுவரை அட்டையோடு கிளினிக் வாசலுக்கு வந்தவர்களைக் கணினியில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மூச்சுத் திணறிய ஒரு பெண் குழந்தையை அதன் அப்பா மினிபஸ்ஸில் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார். குழந்தை நலமாக இருக்கிறது, நானே அந்த வார்டுக்குப் போன் செய்து விசாரித்தேன். புகாரில் நிறுவனத்தின் நற்பெயர் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. அந்தக் குழந்தை பற்றி ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலமே ஜெரேயை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்துவிட்டார்கள் என்பது மறுநாள் அவர் மனைவி மெர்சி போன் செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. வேண்டுமென்றே சொத்தைச் சேதப்படுத்தியதாகத் திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்தப்போவதாகச் சொன்னார். அந்தக் குற்றம் ஒருவன் பேரில் ஏறிவிட்டால் அதன் பிறகு எந்த நிறுவனமும் அவனை ஒரு மெஷின் அறைக்குள் விடாது. ஜெரேக்கு வேறு வேலை தெரியாது.

அதன் பிறகு நான் திரு. பாரசாவை அழைத்தேன். அவர் சொன்னது: "நீ நாலுன்னுதானே சொன்னே? அவன் ஏழாவதை உருவினான். அதை மட்டும் எழுதி அனுப்பு, போதும். நீ கிட்வேக்கெல்லாம் போக வேண்டாம்." விளக்குகளைப் பற்றிக் கேட்டேன். "அது அலங்காரம்பா. அலங்காரத்தைப் பார்த்து எவனாவது வேலை செய்வானா?" என்றார். அந்த விளக்கு இருப்பதே வேலைக்காகத்தான் என்று சொன்னேன். மறுபடி சொன்னேன். வேறு வார்த்தையில் இன்னொரு தடவையும் சொன்னேன். அவர், "கசோண்டே, அவன் உன்னை அடிமைன்னு கூப்பிடறான். உனக்காகத்தான் நான் இதெல்லாம் பண்றேன்" என்றார். அவர் மனசாரச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். போனை வைத்துவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனேன்.

பதிவின் மொத்தமும் லுசாகா அலுவலகக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. என் வேலை எப்படியும் போகும், அதற்கு முன்பே அதை எடுத்து ஒரு பென்டிரைவில் போட்டு வந்தேன். அதை இன்ஸ்பெக்டரிடம் ஒப்படைத்திருக்கிறேன். முழுவதும் கேட்டார்கள். மாடு பற்றி நான் சொன்ன இடத்தில் நிறுத்தி, திருப்பிப் போட்டு, "தம்பி, இது கோர்ட்டுல ஓடுச்சுன்னா மாட்டுறது அவன் இல்ல, நீ" என்றார்கள். தெரியும் என்றேன். "தெரிஞ்சுதான் பஸ் ஏறினியா?" என்றார்கள். ஆமாம் என்றேன். இதில் பெரிய மனசு ஒன்றும் இல்லை. ஜெரே எல்லாம் மினுக்குது என்றார். சத்தியம் என்றார். எங்கேயிருந்து எண்ணுவது என்று கேட்டார். சீரியல் எண்ணைப் படிக்கவா என்றும் கேட்டார். ஒரு தொழிலாளி இதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்? ஒரு கமாண்டுக்கு மெஷின் பிழை என்று பதில் சொன்னால் நான் நின்று படிப்பேன். மனுஷன் சொன்னதைப் படிக்கவில்லை.

இன்று காலை இந்த வாக்குமூலம் தொடங்குவதற்கு முன் ஜெரேயைப் பார்க்க அனுமதித்தார்கள். வெளியே விடும் வரை இடுப்புப் பெல்ட்டை நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் கால்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி கம்பியருகே வந்தார். மெர்சி கொடுத்தனுப்பிய ந்ஷிமா சோளக்களியும் கப்பென்ட்டா மீனும் இருந்த டப்பாவை நான் கொண்டு போயிருந்தேன். அதை நீட்டி, "எலி வறுவல் மச்சான், சிப்பாட்டா ஸ்பெஷல்" என்றேன். அவர் மற்ற கையால் அதை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, மிஸ்டர் கசோண்டே" என்றார். பழகிய நாளிலிருந்து அவர் என்னை அப்படி அழைத்ததில்லை. அவர் உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டார்.

இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது, எழுத வேண்டியதில்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்கள். எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

மேலே கண்டதை இன்ஸ்பெக்டர் எனக்கு முழுவதுமாக வாசித்துக் காட்டினார்கள். விளக்குகள் பற்றிய இடத்தில் 'ஜெரே வேடிக்கையாகச் சொன்னார்' என்று எழுதப்பட்டிருந்தது. அது தவறு. 'ஜெரே உள்ளதைச் சொன்னார், வேடிக்கை என்று எடுத்துக்கொண்டவன் நான்' என்று திருத்தச் சொன்னேன். திருத்தி, ஓரத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்தது, கோர்ட்டில் நின்று இதையே சொல்வேன்.

(ஒப்பம்) சி. கசோண்டே
கிட்வே, சனிக்கிழமை

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது. குரல் பதிவு முழுமையாகப் பெறப்பட்டு இணைக்கப்பட்டது. காவலில் உள்ள டாலிட்சோ ஜெரேயின் பெல்ட்டைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடப்பட்டது.

(ஒப்பம்) இ. முபிட்டா, இன்ஸ்பெக்டர்